கல்ச்சர் கெட்டுப்போச்சு

"ஐயையோ… கல்ச்சர் கெட்டுப்போயிடும்!"

மழை கொட்டிக்கொண்டிருந்த எண்ணூர் நெடுஞ்சாலையில், லாரிக் கதவைத் திறந்து கை நீட்டிய ஒருவனிடம் எழில்மொழி முதன்முதலாகச் சொன்ன வார்த்தை இதுதான். எத்தனையோ காதல்கள் எப்படியெப்படியோ ஆரம்பித்திருக்கின்றன… இது இப்படி ஆரம்பித்தது. நாம் என்ன செய்ய?

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே போய்விட்டது.

"சர்தான் மேடம்," என்றான் அவன். "மழைல நிக்கிறீங்களே, ஏறிக் குந்துங்கன்னு சொன்னேன். லாரில குந்துனா உங்க கல்ச்சர் கெட்டுடும்னா… நல்லா நனைங்க. ஷோக்கா வளரும்."

பாவம், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மார்போடு அணைத்திருந்த நீலப் பெட்டியை. அதன் மூடியில் ஒரு சின்னத் திரை. அதில் ஐந்து டிகிரி ஆறாகியிருந்தது.

பெட்டிக்குள், புட்டிக்குள் புட்டியாக மூடி முத்திரை வைத்து, அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் இருந்தது. பாலைத் தயிராக்குகிற பாக்டீரியா. சும்மா தயிர்ச்சட்டியில் இருப்பதல்ல. மரபணுவிலேயே கைவைத்து, இன்னும் நன்றாக வளரும்படி அவள் மாற்றியமைத்தது. மணலி புதுநகர் ஆய்வுக்கூடத்திலிருந்து அது திருவொற்றியூரில் இருக்கும் பெரிய தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே வளர்ந்து காட்டினால் திட்டம் தொடரும். இல்லையென்றால் அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான்கு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது, எட்டைத் தொட்டால் சோதனை செல்லாது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வுக்கூடத்து வேன் எர்ணாவூர் தாண்டித் தேங்கிய தண்ணீரில் இறங்கி உயிரை விட்டது. டிரைவர் லியாகத் பாய் பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள்… கண்ணுக்கு எட்டிய வரை.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கிருமிக் கரைசலுக்குக் 'கல்ச்சர்' என்றுதான் பெயர். அதையே சொல்லிச் சொல்லி, ஊரில் அந்த வார்த்தைக்கு வேறொரு அர்த்தம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு பெண் சத்தமாகச் சிரித்தால் கெட்டுப்போகுமே, அந்தக் கல்ச்சர்…

அது உறைத்ததும் முகம் சூடாகிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் நாக்கை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். 'இருக்கு', 'என்ன', 'வீடு' என்று அளந்துதான் பேசுவாள். அந்த இஸ்திரி எல்லாம் ஒரே நொடியில் மழையில் போனது.

"யோவ், இன்னாய்யா பேசிக்கினே போற? கல்ச்சர்னா இந்த டப்பாக்குள்ள கீற கல்ச்சருய்யா. தயிர்க் கிருமி. ஐஸு உருகிக்கினு கீது, நானே பேஜாராயி நிக்கிறேன், நீ வேற…"

அவன் குனிந்து பார்த்தான். தூக்கம் போதாத கண்கள். ஆனால் அதில் சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ ஊறிக்கொண்டே இருந்தது. இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. எழிலுக்குத் தன் கவலை ஒரு கணம் மறந்தது. சே, என்ன கண்களோ…

"மேடம் எந்த ஏரியா?"

"பெரம்பூர்."

"பெரம்பூரா? இந்த 'கீற'வ கேட்டா வியாசர்பாடி மாரி கீதே."

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் வேலைக்குப் போகிற இடத்தில் பெரம்பூராகிவிடுகிறார்கள். அவளும் அப்படித்தான் ஆகியிருந்தாள்.

அவன் கீழே குதித்தான். பெயர் சாவியோ என்றும், வீடு ராயபுரம் என்றும், கப்பலில் வருகிற குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் வேலை என்றும் மூன்றே மூச்சில் சொல்லி முடித்தான். லாரியின் முதுகில் இருந்த வெள்ளைக் கண்டெய்னர் அப்படிப்பட்ட குளிர்பெட்டிதான். ஆப்பிள் ஏற்றிக்கொண்டு வந்து மணலி கிடங்கில் இறக்கிவிட்டு, திருவொற்றியூர் யார்டுக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. குளிர் நிற்கவில்லை என்று புகார் வந்ததால், வழியெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தபடி அவனும் கூடவே வந்தான்.

"எத்தினி டிகிரி ஓணும்?"

"நாலு. ஆனா இது கோளாறு பெட்டின்னு சொல்றியே…"

"கோளாறு பெட்டிக்குத்தான் மேடம். எனக்கு இல்ல."

மரபணு மாற்றிய எதையும் அனுமதி இல்லாத வண்டியில் ஏற்றக் கூடாது. விதி அவளுக்கு மனப்பாடம். திரையைப் பார்த்தாள். ஏழு. விதியை மனத்தின் ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, லியாகத் பாயிடம் சொல்லிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

கண்டெய்னரின் பின்கதவு திறந்ததும் குப்பென்று ஆப்பிள் வாசனை. சாலையில் டீசல், மழையில் சேறு… உள்ளே மட்டும் வேறு ஏதோ ஊர். சாவியோ நீலப் பெட்டியைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கி, உள்ளே நிறுத்தி, பட்டை போட்டுக் கட்டினான். பிறகு இருவரும் டிரைவர் அறைக்கும் கண்டெய்னருக்கும் நடுவே இருந்த சந்தில் ஏறி நின்றார்கள். அங்கேதான் குளிர் இயந்திரமும் அதன் திரையும். தலைக்கு மேல் ஒரே ஒரு குடை. அதிலும் ஒரு கம்பி உடைந்திருந்தது. உடைந்த பக்கத்தைத் தன் தோள் மேல் வைத்துக்கொண்டு நல்ல பக்கத்தை அவளுக்குக் கொடுத்தான். அதை அவன் சொல்லவில்லை. அவளாகத்தான் பார்த்தாள்.

எண் மெல்ல இறங்கியது. ஏழு… ஆறு… ஐந்தில் வந்து அடம்பிடித்தது. இயந்திரம் ஒரு முறை இருமியது. எழில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு மூடியைத் திறந்து எதையோ தட்டினான், எதையோ திருகினான், மாதாவையும் ஒரு தடவை கூப்பிட்டான். நான்கு.

"அப்பாடா…" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவசரமாகத் திரையைப் பார்த்தார்கள்.

லாரி நகர்வதாக இல்லை. தயிர்க் கிருமியில் அப்படி என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். கேட்டவன் முகத்தில் நிஜமான ஆசை இருந்தது. அதனால் அவளும் சொன்னாள். இந்தக் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். அந்தப் புளிப்பு ஏறி ஏறிக் கடைசியில் அதையே அமுக்கிவிடும். வளர முடியாமல் நின்றுவிடும். இதற்கு மூச்சு விடத் தெரியாது. தெரிந்தால் புளிப்பு குறையும், கூட்டமும் பெருகும். மூச்சு விட, ரத்தத்தில் இருக்கிறதே, அந்த இரும்புச் சத்துப் பொருள் வேண்டும். அதைத் தானே செய்துகொள்ள இதற்கு வராது, வெளியிலிருந்து யாராவது போட வேண்டும்.

"ஆனா தயிர்ல போய் ரத்தத்துலேர்ந்து எடுத்தத போட்டா யார் வாங்குவா? அதான் அந்த மரபணுவ இதுக்குள்ளயே வெச்சிட்டேன். இப்ப அதுவே செஞ்சிக்கும். அதுவே மூச்சு வுடும்."

சாவியோ கண்டெய்னரின் முகத்தில் இருந்த ஒரு வட்ட மூடியைக் காட்டினான். ஆப்பிள் ஏற்றினால் அதைக் கொஞ்சம் திறந்து வைப்பார்களாம். பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடுமாம். காற்று போகாவிட்டால் உள்ளேயே அழுகிவிடுமாம்.

"எனுக்கு இந்த வேலைல புடிச்சதே அதான் மேடம். கப்பல்ல எல்லாரும் தூங்குவாங்க. உள்ள ஆப்பிளு மூச்சு வுட்டுக்கினே வரும்."

இதை அவன் சொன்னபோதுதான் அவளுக்கு ஏதோ ஆனது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

அப்புறம் எத்தனை நேரம் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். லாரி ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கண்டெய்னர் நெரிசலை அதுவரை வாழ்த்தியவர்கள் வடசென்னையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு இரண்டு பேர் வாழ்த்தினார்கள்.

திருவொற்றியூர் தொட்டி நிலையத்து வாசலில்தான் கதை கெட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைவி சில்வியா, பால் நிறுவனத்திலிருந்து வந்த விருந்தினர்களோடு கேட்டிலேயே நின்றிருந்தார். சாவியோ தொப்பலாக நனைந்து, நீலப் பெட்டியை ஏந்தி, பெருமையோடு வந்தான். சில்வியா அவனைப் பார்த்தார், எழிலைப் பார்த்தார், யார் என்று கேட்டார்.

எழில் அவசரமாக யோசித்தாள். குளிர்பெட்டியில் ஏற்றியதைச் சொன்னால் விதி மீறல். இவனோடு சிரித்துப் பேசினால் நாக்கு மறுபடியும் 'கீது' என்று போய்விடும். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரம்பூர் கரைந்து வியாசர்பாடி வெளியே வந்துவிடும்…

"யாரோ லாரிக்காரர் மேடம். பெட்டியை கேட் வரைக்கும் தூக்கிட்டு வந்தார். வழியில ஐஸ் மாத்திட்டோம், குளிர் சரியா இருக்கு."

சாவியோவின் கண்களில் அந்தச் சிரிப்பு நின்றது. குழாயை மூடினாற்போல நின்றுவிட்டது. பெட்டியை மெதுவாக அவள் கையில் கொடுத்தான்.

"வர்றேன் மேடம். கல்ச்சர் பத்திரம்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். உடைந்த கம்பிக் குடையை விரிக்கவும் இல்லை.

தொட்டியில் கிருமி அமோகமாக வளர்ந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தெளிந்த திரவம் கலங்கி, வெளுத்து, மறுநாள் காலையில் சுண்ணாம்புத் தண்ணீர் போல நின்றது. பழைய ரகத்தைவிட இரண்டு பங்கு. விருந்தினர்கள் கைகொடுத்தார்கள். யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். எழில் லட்டை வாயில் போட்டாள். மண்ணாக இருந்தது.

அந்தக் கிருமி மூச்சு விடக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவளுக்குத்தான் மூச்சு முட்டியது. கண்ணை மூடினால் ஒரு குடை… நல்ல பக்கம் அவளுக்கு, உடைந்த பக்கம் அவனுக்கு. அப்படிப்பட்டவனைப் போய் 'யாரோ' என்று சொன்னாளே.

லட்டை விழுங்கிவிட்டு நேராகச் சில்வியாவின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ் மாற்றவில்லை; அனுமதி இல்லாத குளிர்பெட்டியில் ஏற்றினேன்; அதைக் காப்பாற்றியவர் பெயர் சாவியோ. சொல்லிவிட்டுத் தயங்கினாள்.

"இன்னொண்ணும் கீது மேடம். எனக்கு பெரம்பூர் இல்ல. வியாசர்பாடி."

சில்வியா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபம்தான் முதலில் வந்தது. பெட்டி திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், பொய்யின் மேல் நிற்கும் முடிவை எவன் நம்புவான் என்று விளாசித் தள்ளினார். சோதனை செல்லாது, முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும், விருந்தினர்களிடம் காரணத்தை நீயே சொல்ல வேண்டும் என்றார். இந்த முறை தவறினால் திட்டத்தைக் காப்பாற்றத் தன்னாலும் முடியாது என்றும் சொன்னார். எழில் தலையாட்டினாள். வாசல் வரை வந்தவளை மறுபடி கூப்பிட்டார்.

"நான் எந்த ஊருன்னு சொல்லியிருக்கேன்?"

"ராயபுரம், மேடம்."

"நிஜத்துல காசிமேட்டுக் குப்பம்," என்றார் சில்வியா. "போ. அந்தப் பையனோட கம்பெனில முறையா அனுமதி வாங்கி, முறையா ஒரு குளிர்பெட்டி ஏற்பாடு பண்ணு."

அன்று மதியமே விருந்தினர்கள் முன்னால் நின்று காரணத்தைச் சொன்னாள். கைகொடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். தொட்டிக்குள் சூடான நீராவியை விட்டு, வளர்ந்த அத்தனையையும் அழித்தார்கள். எழில் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். கண்ணீர் வந்தது; துடைத்துக்கொண்டாள்.

யார்டில் குளிர்பெட்டிகள் வரிசையாக அடுக்கி நின்று ஊ என்று முனகிக்கொண்டிருந்தன. சாவியோ இரும்பு ஏணியின் மேல் நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். பார்க்காதது போல மறுபடி முடுக்கினான். ஏற்கெனவே முடுக்கியதையே.

"யாரோ லாரிக்காரன தேடிக்கினு வந்தீங்களா மேடம்?"

"சாவியோவ தேடிக்கினு வந்தேன்."

முடுக்கிய கை நின்றது.

"உன்ன சொல்றதுக்கு நான் வெக்கப்படல," என்றாள் எழில். அத்தனை இயந்திரச் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. "உன்னாண்ட நான் பேசுன பாஷ அவங்க காதுல வுழுந்துடப் போவுதுன்னு பயந்தேன். நான் யாருன்னு தெரிஞ்சா, படிச்ச படிப்பெல்லாம் இல்லாம பூடும்னு நெனச்சேன். தப்பு. இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் பேரயும் சொல்லிட்டேன்."

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அன்னிக்கு கேட்டாண்ட நிக்க சொல்லோ வலிச்சுது," என்றான் மெதுவாக.

"தெரியும்."

"நானும் ஆபீசருங்க வந்தா 'இருக்கு சார்'னுதான் சொல்லுவேன். 'கீது சார்'னா அவங்க மூஞ்சி ஒரு மாரி ஆயிடும். அதால… உன் பயம் எனுக்குப் புரியுது. வலிச்சது வலிச்சதுதான்."

மேடம் போய் 'உன்' வந்திருந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை.

இரண்டாம் முறை எல்லாம் முறைப்படி நடந்தது. அனுமதி, முத்திரை, கோளாறு இல்லாத குளிர்பெட்டி. வழி முழுக்கச் சாவியோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழில் சாவியோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெரிசல் மட்டும் அன்றைக்குப் பார்த்து இல்லாமல் போய்விட்டது. இப்படி ஒரு துரோகத்தை எண்ணூர் நெடுஞ்சாலை யாருக்கும் செய்ததில்லை.

கேட்டில் பெட்டியைக் கொடுத்தபோது, முடிவு தெரிந்ததும் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். மறுநாள் மாலை வேலை முடிந்து அதே கேட்டில் வந்து நின்றான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உடைந்த குடைக் கம்பியைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தான். உள்ளேயிருந்து எழில் வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. அவன் எதிரில் வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்ச்சர் கெட்டுப்போச்சு, சாவியோ."

அவனுக்கு உயிரே போனது.

"இல்ல… இன்னா எழிலு சொல்ற? நாலுதான் இருந்துச்சு. நான் கண்ண எடுக்கவே இல்ல. நாலே கால் கூட ஆவல. மாதா மேல சத்தியமா நாலுலயே நின்னுச்சு. இரு, நான் உங்க மேடத்தாண்ட வந்து சொல்றேன், தப்பு என்னுதுன்னா…"

அவன் நிஜமாகவே கேட்டைத் தாண்டப் போனான். எழில் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

"தொட்டில கீறது ஷோக்கா வளந்துகினு கீது. போன வாட்டிய வுட நல்லா. மேடமே சரின்னுட்டாங்க, திட்டம் தொடருது," என்றாள். "நான் சொன்னது அந்தக் கல்ச்சர் இல்ல…"

"அப்பால எந்த…"

கேட்க ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். புரிந்துவிட்டது. காது மடல் வரை சிவந்துவிட்டது. ராயபுரத்துப் பையன், துறைமுகத்தில் எத்தனையோ பேரிடம் வாய்கொடுத்து ஜெயித்தவன், குடையை விரிக்கத் தெரியாமல் இரண்டு முறை தடுமாறினான்.

"எங்க வூட்ல புத்தர் படம் கீது," என்றாள் அவள். "உங்க வூட்ல மாதா. நம்ம ரெண்டு பேர் வூட்லயும் அதத்தான் சொல்லப் போறாங்க, கல்ச்சர் கெட்டுப்போச்சுன்னு. அதுக்கு முன்னாடி நானே உன்னாண்ட சொல்லிடலாம்னு…"

குடை ஒருவழியாக விரிந்தது. இந்த முறை அதற்கு நல்ல பக்கம், உடைந்த பக்கம் என்று இல்லை. அவளை அதற்குள் அழைத்துக்கொண்டு, அந்தத் தூக்கம் போதாத கண்களால் அவளைப் பார்த்துச் சொன்னான்.

"என்னுது அன்னிக்கு மழைலயே கெட்டுப்போச்சு எழிலு. நீ 'யோவ்'னு கூப்ட சொல்லோ."